தாள் தொலைந்தால் உலை நிற்க வேண்டுமா?

மாற்றுத் திறனாளி ஒருவரின் மாத உதவித்தொகை திடீரென்று நின்றுபோகிறது. அவர் குணமாகிவிடவில்லை. வேலை கிடைத்துவிடவில்லை. வீட்டு வருமானமும் கூடிவிடவில்லை. மறு ஆய்வுக்காகக் கொடுத்த பாரம் கோப்பில் இல்லை, அவ்வளவுதான். கேமரன் மலைத் தோட்டங்களில் இப்படி நின்ற பணத்துக்காக நடையாய் நடக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மாற்றுத் திறனாளிகள் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு மலேசியாவில் பல காலமாக நடக்கிறது. அந்தப் பேச்சில் சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை வருகிறது, வாகன நிறுத்துமிடம் வருகிறது. காணாமல் போகும் கோப்பு மட்டும் வருவதில்லை.

திரிங்காப், கோல தெர்லா, புளுவேலி, சுங்கை பாலாஸ் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எவ்வளவு பணம், யாருக்கு?

சமூக நல இலாகா தரும் உதவிகளில் மூன்று இங்கே முக்கியம். வேலை செய்ய முடியாத மாற்றுத் திறனாளிக்கு ஒன்று. குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் மாற்றுத் திறனாளிக்கு ஒன்று. படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் பராமரிப்பவருக்கு ஒன்று. 2021ஆம் ஆண்டு பட்ஜெட்டில் முதலாவது 250 ரிங்கிட்டிலிருந்து 300 ஆகவும், இரண்டாவது 400இலிருந்து 450 ஆகவும், மூன்றாவது 350இலிருந்து 500 ஆகவும் உயர்த்தப்பட்டன.

கோலாலம்பூரில் உட்கார்ந்து பார்த்தால் சின்னத் தொகையாகத் தெரியலாம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில், பராமரிப்புக்கு வரும் 500 ரிங்கிட் என்பது அந்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. படுக்கையில் இருப்பவருக்குப் பெம்பர்ஸ், பால் மாவு, புண்ணுக்குக் கட்டும் துணி என்று மாதம் பிறந்ததும் போகும் பணம் அது. வராவிட்டால் கடைக்காரரிடம் கடன். அடுத்த மாதமும் வராவிட்டால் பெம்பர்ஸ் மாற்றும் நேரம் தள்ளிப் போகிறது, படுக்கைப் புண் வருகிறது. ஒரு தாள் தொலைந்ததன் விளைவு கடைசியில் ஒரு மனிதரின் உடம்பில் போய் முடிகிறது.

மலையில் இருப்பதன் விலை

பாரத்தைக் கொடுக்கத் திரிங்காப்பிலிருந்து தானா ராத்தாவுக்குப் போக, கியா பார்ம், பிரிஞ்சாங் இரண்டையும் தாண்ட வேண்டும். பள்ளி விடுமுறையிலும் வார இறுதிகளிலும் கியா பார்ம் பக்கம் வாகனங்கள் எப்படி அசையாமல் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். மழைக் காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும். 2024 ஜனவரியில் புளுவேலியில் நடந்த மண்சரிவில் ஐந்து மியன்மார் தொழிலாளர்கள் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நடக்க முடியாத மகனைத் தூக்கிக்கொண்டு இந்தப் பாதையில் கார் பிடித்துப் போக வேண்டும். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி இல்லை. ஆக, கார்ச் செலவு ஒருபக்கம், கூலி நட்டம் இன்னொரு பக்கம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று வரைபடத்திலேயே இருக்கிறது. கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. மாநிலத் தலைநகரான குவாந்தான் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஆனால் மலையிலிருந்து மக்கள் வழக்கமாக இறங்குவது தாப்பாவுக்கும் சிம்பாங் பூலாய்க்கும். இரண்டுமே பேராக். நரம்பு டாக்டரையோ எலும்பு டாக்டரையோ பார்க்க வேண்டுமென்றால் மலைவாசிகள் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கே போகிறார்கள். அதாவது, நோயாளியின் மருத்துவக் குறிப்பு ஒரு மாநிலத்தில், உதவிக்கான கோப்பு இன்னொரு மாநிலத்தில். இரண்டுக்கும் நடுவே தாளைச் சுமந்து போகும் தபால்காரர் யார்? நோயாளியும் அவருடைய அம்மாவும்தான்.

ஒரு டாக்டர் கடிதத்துக்கு ஈப்போ போக வேண்டும், அதைக் கொடுக்கத் தானா ராத்தா போக வேண்டும் என்றால், அந்தக் கடிதம் தொலைந்த பிறகு "இன்னொன்று வாங்கி வாருங்கள்" என்று சொல்வது எவ்வளவு பெரிய சுமை என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யோசிக்க வேண்டும்.

தாள் எங்கே தொலைகிறது?

அலுவலகத்தில் மட்டும் தொலைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வழியெல்லாம் தொலைகிறது.

முதல் இடம், தோட்டத்து முகவரி. லயத்து வீடுகளுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்குப் போகின்றன. கிராணி நல்லவராக இருந்தால் அன்றே போகும். இல்லையென்றால் மேசை மூலையில் கிடக்கும். மறு ஆய்வுக்கு இன்ன தேதிக்குள் வாருங்கள் என்று சொல்லும் கடிதம், தேதி முடிந்த பிறகு கைக்கு வரும். இலங்கை மலையகத் தோட்டங்களிலும் இதே குறை தலைமுறைகளாக இருக்கிறது. தனி வீட்டு எண் இல்லாத லயத்துக்குக் கடிதம் தாமதமாக வந்து, நேர்முகத் தேர்வைத் தவறவிட்ட பிள்ளைகளின் வேதனை அங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒன்று.

இரண்டாவது, வீடு மாறுவது. தோட்டத்து வீடு வேலை இருக்கும் வரைதான். ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பிள்ளை வீட்டுக்கோ வாடகை வீட்டுக்கோ போகிறார்கள். மாவட்டம் மாறினால் கோப்பும் மாற வேண்டும். பழைய அலுவலகம் "அனுப்பிவிட்டோம்" என்று சொல்லும், புதிய அலுவலகம் "வரவில்லை" என்று சொல்லும்.

மூன்றாவது, பெயர். நம் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாளக் கார்டில் வேறு, ஆஸ்பத்திரி அட்டையில் இன்னொன்று. முனியம்மாவுக்கு ஒரு தாளில் நடுவே ஒரு 'எம்', மற்றொன்றில் இரண்டு. கணினியில் தேடினால் இரண்டு மனிதர்களாகத் தெரிகிறார்கள். கோப்பு காணோம் என்று சொல்லப்படும் சில வேளைகளில் கோப்பு அங்கேயே இருக்கும். வேறு எழுத்துக்கூட்டின் கீழ் இருக்கும்.

நான்காவது, அதிகாரி மாற்றம். வீட்டுக்கு வந்து பார்த்து, எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போன அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிறார். அடுத்து வருபவருக்கு முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் ஒரு தாய் தன் பிஸ்கட் டின்னைத் திறந்து என்னிடம் காட்டினார். மகனுக்கு முப்பது வயதுக்கு மேல். பிறந்ததிலிருந்து நடந்ததில்லை. டின்னுக்குள் மகனின் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு நகல்கள், கிளினிக் புத்தகம், வங்கிப் புத்தகம், ஈப்போவிலிருந்து வந்த டாக்டர் கடிதம், பழைய எக்ஸ்ரே படங்கள். மலைக் குளிரின் ஈரத்தில் சில நகல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் மை கூடவே வந்தது. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த அந்தப் பெண்ணிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: பாரத்தைக் கொடுத்ததற்கான அத்தாட்சி. எந்த மேசையிலும் யாரும் ஒரு சீட்டு கொடுக்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை. "கொடுத்தேன்" என்பது அவர் வார்த்தை. "வரவில்லை" என்பது அலுவலகத்தின் வார்த்தை. இரண்டில் எது நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மாறாததை எத்தனை முறை நிரூபிப்பது?

மறு ஆய்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றுத் திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டைகளில் போலிகள் பிடிபட்டிருக்கின்றன. பயனாளி இறந்த பிறகும் பணம் போய்க்கொண்டிருந்தால் அது மக்கள் பணம். குடும்ப வருமானம் மாறலாம். இவற்றைச் சரிபார்ப்பது அரசின் கடமை.

ஆனால் இவற்றைத் தெரிந்துகொள்ளப் பயனாளியை அலைய வைக்கத் தேவையில்லை. இறப்பு, தேசியப் பதிவிலாகாவில் பதிவாகிறது. சம்பளம், ஊழியர் சேமநிதியிலும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலும் தெரிகிறது. 2024 ஜனவரியில் பாடு தரவுத்தளத்தைத் தொடங்கி, குடும்ப விவரங்களை எல்லாம் பதியச் சொன்னதும் இதே அரசுதான். ஒரு கையில் இருக்கும் தகவலை இன்னொரு கை மறுபடி மறுபடி கேட்பது ஏன்?

இழந்த கால் வளர்வதில்லை. பிறவியிலேயே வந்த மூளை முடக்கம் முப்பது வயதில் தீர்வதில்லை. இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், நிலை மாற வாய்ப்பில்லாதவருக்கு நிரந்தரச் சான்றிதழ் கொடுக்கச் சொல்கின்றன. பிரிட்டனில் கடுமையான, மாறாத குறைபாடு உள்ளவர்களுக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மட்டும், அதுவும் எளிய முறையில், சரிபார்த்தால் போதும் என்று 2018இல் அறிவித்தார்கள். அங்கேயும் மக்கள் அலைந்து, குறைப்பட்டு, பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் அது வந்தது.

கணினியை நம்பி மனிதரை விட்டுவிடவும் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2016 முதல் வருமானக் கணக்கைக் கணினியே ஒப்பிட்டு, உதவி பெற்ற ஏழைகள் மீது தவறான கடன்களைச் சுமத்தியது. பழைய சம்பளச் சீட்டைக் காட்டி நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்தது. அரசு கடைசியில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2023இல் அரச விசாரணை ஆணையம் அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. தரவுத்தளம் பணத்தைத் தொடர்ந்து கொடுக்க உதவட்டும். நிறுத்துவதாக இருந்தால் ஓர் அதிகாரி அந்த மனிதரைப் பார்த்துப் பேசிய பிறகே நிறுத்தட்டும்.

அறுபது வயதில் ஒரு பள்ளம்

வேலை செய்ய முடியாத மாற்றுத் திறனாளிக்கான உதவி 18 முதல் 59 வயது வரைதான். அறுபது ஆனதும் அவர் முதியோர் உதவிக்கு மாற வேண்டும். பெயர் அதே, உடம்பு அதே, வீடு அதே, இலாகாவும் அதே. ஆனாலும் புதிய விண்ணப்பம், புதிய நகல்கள், புதிய காத்திருப்பு. ஒருவருக்கு எந்த நாளில் அறுபது ஆகும் என்பது அவருடைய அடையாளக் கார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்களிலேயே இருக்கிறது. ஆறு மாதம் முன்னதாகவே இலாகா தானாகத் தொடங்கிவிடலாமே.

சொக்சோவிலும் அறுபது ஒரு எல்லை. சந்தா கட்டிய தொழிலாளி நோயால் வேலை செய்ய முடியாமல் போனால் இயலாமை ஓய்வூதியம் கேட்கலாம். அறுபது வயதுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. பிந்திவிட்டால், அறுபதுக்கு முன்பே இயலாமல் போனேன், அதன் பிறகு வேலை செய்யவில்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் மீது விழும். ஐம்பத்தேழு வயதில் பக்கவாதம் வந்து படுத்தவர், "சரியாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இரண்டு மூன்று வருடம் இருந்துவிடுவது தோட்டங்களில் சாதாரணமாக நடக்கிறது. வேலை நேரத்தில் விபத்து என்றால், முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தாரா என்று குடும்பத்தார் மறுநாளே கேட்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உண்டு. வேலை விபத்துக்கு 2019 ஜனவரியிலிருந்தும், இயலாமைக்கு 2024 ஜூலையிலிருந்தும் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். பக்கத்து லயத்து நேப்பாளத் தம்பிக்கும் வங்காளதேசத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008ஆம் ஆண்டு வந்தது. 2010இல் மலேசியா ஐக்கிய நாடுகளின் மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. சமூகப் பாதுகாப்பு ஓர் உரிமை என்று அந்த உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நம் சட்டத்தின் 41ஆம் பிரிவு, நல்லெண்ணத்தில் நடந்த செயலுக்கோ கவனக்குறைவுக்கோ அரசு மீது வழக்குப் போட முடியாது என்று கதவை அடைக்கிறது. சட்டத்தை மீறினால் தண்டனை எதுவும் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)ஆம் பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பால் ஆகியவற்றைச் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அந்த வரிசையில் உடற்குறை இல்லை.

கோப்பு தொலைந்த குடும்பத்துக்கு இதன் பொருள் என்ன? கெஞ்சலாம், முறையிடலாம், சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போகலாம். உரிமையாகக் கேட்டு, பதில் வாங்க ஓர் இடம் இல்லை. சட்டத் திருத்தம் வரும்போது முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து.

அரசு செய்யக்கூடியவை

மறு ஆய்வு முடிந்து எழுத்துபூர்வமான முடிவு வரும்வரை பணம் நிற்கக் கூடாது. இதுதான் எல்லாவற்றுக்கும் முதல் விதியாக இருக்க வேண்டும். தவறுதலாக நின்றிருந்தால், நின்ற மாதங்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எந்தத் தாளை வாங்கினாலும் தேதியும் முத்திரையும் போட்ட சீட்டு கொடுக்கட்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மருத்துவ அறிக்கை ஆஸ்பத்திரியிலிருந்து இலாகாவுக்கு நேராகப் போகட்டும். ஈப்போ பேராக்கில் இருக்கிறது, கேமரன் பகாங்கில் இருக்கிறது என்பது இரண்டு அலுவலகங்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

தேசியப் பதிவிலாகா நடமாடும் முகப்பிடங்களை ஊர் ஊராக அனுப்புகிறது. சமூக நல இலாகாவும் குறிப்பிட்ட மாதங்களில் திரிங்காப்புக்கும் புளுவேலிக்கும் அப்படி வரலாம். தோட்டத் தமிழருக்கு மட்டுமல்ல, உள்ளே தள்ளி இருக்கும் பூர்வகுடிக் கிராமங்களுக்கும் அது உதவும். கடிதத்தோடு கைத்தொலைபேசிக்கும் ஒரு செய்தி வரட்டும், தமிழிலும் வரட்டும்.

தோட்ட நிர்வாகங்களும் ஒன்று செய்யலாம். அரசுக் கடிதங்களுக்கு ஒரு தனிப் பதிவேடு. வந்த தேதி, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. இரண்டே கட்டம் போதும்.

குடும்பங்கள் இப்போதே செய்யக்கூடியவை

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க முடியாது. கொடுக்கும் ஒவ்வொரு பாரத்துக்கும் நகல் எடுங்கள். நகலை நீட்டி, அதன் மேல் முத்திரை கேளுங்கள். முத்திரை கிடைக்காவிட்டால், கொடுத்த தேதி, நேரம், வாங்கிய அதிகாரியின் பெயர் ஆகியவற்றை நகலின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். மூலப் பத்திரத்தைக் கையை விட்டு விடாதீர்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, ஓ.கே.யு. அட்டை, வங்கிப் புத்தகம் நான்கிலும் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், எல்லாம் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் ஒன்று செய்து கோப்பில் வைப்பது பின்னால் வரும் பல தொல்லைகளைத் தவிர்க்கும். அட்டை தொலைந்தால் போலீஸ் ரிப்போர்ட் போட்டு அதன் நகலை வைத்திருங்கள். வங்கிக் கணக்கை முடங்கவிடாதீர்கள். வீடு மாறினால், சாமான் ஏற்றும் அதே வாரத்தில் இலாகாவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

பணம் ஒரு மாதம் வராவிட்டால் அடுத்த மாதம் சேர்த்து வரும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே போய்க் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயை 15999 எண்ணில் அழையுங்கள். இலாகாவின் சிஸ்பா இணையப் புகார் முறையில் பதிந்தால் ஒரு புகார் எண் கிடைக்கும். அந்த எண் கையில் இருந்தால் நீங்கள் சொல்வது வெறும் வாய்வார்த்தையாக இருக்காது.

கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாரம் நிரப்ப உதவும் மேசை ஒன்று போடலாம். மலாய் நன்றாக எழுதத் தெரிந்த இரண்டு பேர், ஒரு நகல் இயந்திரம். அவ்வளவுதான் தேவை.

தோட்டத்தில் பிறந்து, படித்து, ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு வரும்போது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் மாற்றுத் திறனாளியின் தாள்கள் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த மறு ஆய்வு எப்போது என்று கேட்டு, அந்தத் தேதியை உங்கள் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே இலாகாவை அழைத்து, என்னென்ன வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.